பதினைந்து வயதுக்கு யார் பொறுப்பு?

2017 ஜூலை முதல் வாரம். கனடா தன் 150-வது பிறந்தநாளைக் கொண்டாடி நான்கு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் ஒட்டாவாவிலிருந்து ஒரு செய்தி கசிந்தது. ஒமர் காதர் என்பவருக்கு அரசு 1 கோடியே 5 லட்சம் கனடிய டாலர் இழப்பீடு கொடுக்கப்போகிறது, மன்னிப்பும் கேட்கப்போகிறது. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு 50 கோடி ரூபாயைத் தாண்டும்.

யார் இந்த ஒமர்? ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைவீரர் ஒருவரைக் கையெறி குண்டு வீசிக் கொன்றதாக அமெரிக்காவின் குவாண்டனாமோ சிறையில் ராணுவ ஆணையத்தின் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். சம்பவம் நடந்தபோது அவருக்கு வயது 15.

நாடு கொந்தளித்தது. ஆங்கஸ் ரீட் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 71 சதவீதம் பேர் அரசு செய்தது தவறு என்றார்கள். எதிர்க்கட்சித் தலைவர் ஆண்ட்ரூ ஷீர் ஊர் ஊராக இதையே பேசினார். முன்னாள் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர், இந்த முடிவு முழுக்க முழுக்க அப்போதைய அரசின் முடிவு, தவறான முடிவு என்று எழுதினார். அரசுமீது ஒமர் தொடுத்த வழக்கைத் தொடர்ந்து நடத்தித் தோற்றிருந்தால் 3 கோடி, 4 கோடி டாலர் வரை போயிருக்கும் என்று அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கு யார் காதிலும் ஏறவில்லை. பயங்கரவாதிக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்பதுதான் டீக்கடை முதல் தொலைக்காட்சி வரை எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு.

அந்தக் கோபத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இறந்துபோனவர் யார் என்று பார்த்தால் புரியும்.

கண்ணிவெடி வயலில் இறங்கியவர்

சார்ஜென்ட் கிறிஸ்டோபர் ஸ்பீர், வயது 28. அமெரிக்கச் சிறப்புப் படையில் மருத்துவப் பயிற்சி பெற்றவர். வீட்டில் மனைவி டபிதா, இரண்டு சின்னக் குழந்தைகள். அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு, கண்ணிவெடி புதைத்திருந்த வயலில் இரண்டு ஆப்கன் குழந்தைகள் காயம்பட்டுக் கிடந்தார்கள். ஸ்பீர் அந்த வயலுக்குள் நடந்துபோய் அவர்களைத் தூக்கிவந்தார். இறந்தபின் அதற்காக அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள்.

2002 ஜூலை 27. கோஸ்ட் பக்கம் அயூப் கேல் என்ற கிராமத்தில் ஒரு மண்வீட்டை அமெரிக்கப் படை சுற்றிவளைத்தது. உள்ளே இருந்தவர்கள் சரணடைய மறுத்துச் சுட்டார்கள். விமானங்கள் வந்து குண்டு போட்டன. எல்லாம் முடிந்தது என்று நினைத்து வீரர்கள் உள்ளே நுழைந்தபோது ஒரு கையெறி குண்டு பறந்துவந்தது. ஸ்பீர் தலையில் படுகாயம் பட்டு, பத்து நாள் கழித்து இறந்தார். அதே மோதலில் லேன் மோரிஸ் என்ற இன்னொரு வீரருக்கு ஒரு கண் போனது.

இடிபாட்டுக்குள் உயிரோடு கிடந்த பையன்தான் ஒமர். முதுகுப் பக்கமிருந்து இரண்டு குண்டுகள் பாய்ந்து மார்பைப் பிளந்திருந்தன. சிதறிய துகள்கள் இடது கண்ணின் பார்வையைப் பறித்திருந்தன. குண்டை வீசியவன் அவன்தான் என்று அமெரிக்க அரசுத் தரப்பு கடைசிவரை சொன்னது. ஆனால் 2008-ல் தவறுதலாகச் செய்தியாளர் கைக்குப் போன ஓர் ஆவணம் வேறு விதமாகச் சொன்னது. உள்ளே உயிரோடு இன்னொரு போராளியும் இருந்தான். அவனைச் சுட்ட பிறகு, முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்த ஒமரைத் தான் பின்னாலிருந்து சுட்டதாகச் சுட்ட வீரரே அதில் கூறியிருந்தார். குண்டை யார் வீசியது என்பதைச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து எந்த நீதிமன்றமும் தீர்த்துவைக்கவில்லை.

தகப்பன் விட்ட வழி

ஒமர் 1986-ல் டொரன்டோவில் பிறந்தவன். தாய்வழித் தாத்தா பாட்டி வீடு, இன்று நம் தமிழர்கள் நிறைந்து வாழும் ஸ்கார்பரோவில். தந்தை அகமது சயீத் காதர் எகிப்திலிருந்து குடியேறியவர். தொண்டு நிறுவன வேலை என்று பெஷாவருக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் குடும்பத்தை இழுத்துக்கொண்டு அலைந்தார், அல்-காய்தா தலைமையோடு நெருங்கினார். 1995-ல் இஸ்லாமாபாத் எகிப்துத் தூதரகக் குண்டுவெடிப்பு தொடர்பாகப் பாகிஸ்தான் அவரைப் பிடித்தது. அப்போதைய கனடியப் பிரதமர் ஜான் கிரெத்தியேன், பெனசிர் பூட்டோவிடம் நேரில் அவருக்காகப் பேசினார். அவர் வெளியே வந்தார். பிறகு அவருடைய அல்-காய்தா தொடர்பு அம்பலமானபோது கனடிய அரசியல்வாதிகளுக்கு அது ஆறாத வடுவாகிவிட்டது. காதர் என்ற பெயரைக் கேட்டாலே கைகழுவும் பழக்கம் அங்கிருந்து தொடங்கியது.

2002-ல் அந்தத் தகப்பன்தான் 15 வயது மகனை, மொழிபெயர்ப்பாளனாக ஓர் ஆயுதக்குழுவோடு அனுப்பிவைத்தார். அந்த வீட்டின் இடிபாடுகளில் ஒரு வீடியோவும் கிடைத்தது. பையன் கண்ணிவெடிக்குக் கம்பி இணைக்கிறான், கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். அவனுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் இந்த வீடியோவைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. சிறுவர்களைப் போருக்குத் தயார் செய்கிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆயுதத்தைக் கொடுத்து, பெருமையையும் கூடவே கொடுக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அப்பாவின் மெச்சலுக்கு ஏங்கும் பிள்ளையின் சிரிப்பாகத்தான் எனக்குப் படுகிறது.

தகப்பன் 2003-ல் பாகிஸ்தான் ராணுவம் சுட்டு இறந்தார். அடுத்த ஆண்டு கனடியத் தொலைக்காட்சியின் ஆவணப்படம் ஒன்றில் குடும்பத்தின் மற்றவர்கள் பேசிய பேச்சு நாட்டையே ஆத்திரப்படுத்தியது. அந்த ஆத்திரத்துக்கும் ஒமர்தான் விலை கொடுத்தான். அவன் அப்போது கடலுக்கு அப்பால் ஒரு கூண்டில் இருந்தான்.

ஏழு மணி நேர வீடியோ

பிடிபட்டதும் ஒமரைக் கொண்டுபோன, ஆப்கானிஸ்தானில் அமெரிக்கர்கள் நடத்திய பக்ராம் சிறையில், இன்னும் தையல் பிரிக்காத காயத்தோடு அவனை விசாரித்தவர்களில் ஜோஷுவா கிளாஸ் என்பவர் ஒருவர். அதே சிறையில் திலாவர் என்ற ஆப்கன் டாக்ஸி ஓட்டுநர் அடித்தே கொல்லப்பட்ட வழக்கில் பின்னாளில் தண்டிக்கப்பட்டவர். ஒத்துழைக்காத ஆப்கன் பையன் ஒருவனை அமெரிக்கச் சிறைக்கு அனுப்பியதாகவும், அங்கே கைதிகள் அவனைக் கூட்டமாகச் சீரழித்ததாகவும் ஒமரிடம் ஒரு கட்டுக்கதை சொல்லி மிரட்டியதை, விசாரணை அதிகாரியாகச் சாட்சிக்கூண்டில் ஏறியவரே ஒப்புக்கொண்டார். அப்படிப் பெற்ற வாக்குமூலங்களையும் ராணுவ நீதிபதி ஏற்றுக்கொண்டார்.

16 வயது நிறைந்து சில வாரங்களில் அவனை குவாண்டனாமோவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவனைவிடச் சிறிய மூன்று ஆப்கன் சிறுவர்களைத் தனி வளாகத்தில், பாடமும் விளையாட்டும் கொடுத்து வைத்திருந்து, 2004 ஜனவரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒமருக்கு 16 ஆகிவிட்டதால் பெரியவர்களோடு அடைத்தார்கள்.

2003 பிப்ரவரியில் கனடிய உளவுத்துறையினர் வந்தார்கள். நான்கு நாள் விசாரணை, ஏறத்தாழ ஏழு மணி நேர வீடியோ. கனடிய நீதிமன்றங்களின் உத்தரவால் 2008 ஜூலையில் அது வெளியே வந்தது. முதல் நாள் பையன் முகத்தில் வெளிச்சம். சொந்த ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள், அழைத்துப்போவார்கள் என்று நம்புகிறான். மறுநாள் விஷயம் புரிந்துவிடுகிறது. அமெரிக்கர்களிடம் சொன்னதெல்லாம் சித்திரவதைக்குப் பயந்து சொன்னது என்கிறான். ஆரஞ்சுச் சட்டையைத் தூக்கிக் காயங்களைக் காட்டுகிறான். என் கண் போச்சு, கால் போச்சு என்று அழுகிறான். கண் இருக்கிறதே, கால் இருக்கிறதே என்று அதிகாரி பதில் சொல்கிறார். உங்களுக்கு என்மீது அக்கறை இல்லை என்று பையன் விம்முகிறான். அதிகாரிகள் அறையை விட்டுப் போகிறார்கள். கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடியபடி தனியாக அழுகிறான். அம்மாவைக் கூப்பிடுகிறான் என்கிறார்கள் அரபி தெரிந்தவர்கள் பலர்.

2004-ல் கனடிய வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் குவாண்டனாமோ போனபோது, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அறை மாற்றி, மூன்று வாரம் தூங்கவிடாமல் பையனைப் பதப்படுத்தி வைத்திருப்பதாக அமெரிக்கர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டும் அந்த அதிகாரி உட்கார்ந்து கேள்வி கேட்டார். கிடைத்த பதில்கள் அமெரிக்க அரசுத் தரப்பிடம் போய்ச் சேர்ந்தன.

இழப்பீட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. கனடா பணம் கொடுத்தது ஒமர் ஆப்கானிஸ்தானில் செய்ததற்காகவோ செய்யாததற்காகவோ இல்லை. தன் குடிமகனான ஒரு சிறுவன் சித்திரவதைக்கு ஆளாகியிருப்பது தெரிந்தே, வழக்கறிஞரும் பெரியவர் துணையும் இல்லாத அவனைக் கறந்தெடுத்து, அதை அவனுக்கே எதிராகக் கொடுத்த குற்றத்துக்காக. கொலை செய்தவனையே காவல்நிலையத்தில் வைத்து அடித்தாலும் அடித்தவர் மீது வழக்கு உண்டு. சாத்தான்குளம் காவல் மரணங்களைப் பார்த்த நமக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

மூன்று தீர்ப்புகள், ஒரு பிடிவாதம்

கனடாவின் உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் மூன்று முறை அரசுக்கு எதிராகப் பேசியது. 2008-ல், விசாரணை ஆவணங்களை அவனிடம் கொடு என்றது. 2010 ஜனவரியில், அவனுடைய அரசியல் சாசன உரிமை மீறப்பட்டது, காவலில் உள்ள இளம் சந்தேக நபர்களை நடத்துவதில் கனடாவின் மிக அடிப்படையான நெறிகளுக்கே இது விரோதமானது என்றது. 2015-ல், அவனுக்கு விதித்தது சிறார் தண்டனை, பெரியவர் தண்டனை இல்லை என்று அமர்ந்த இடத்திலேயே தீர்ப்புச் சொன்னது.

இதில் 2010 தீர்ப்பின் பின்பாதி என்னை இன்றும் வருத்துகிறது. உரிமை மீறல் நடந்தது என்று ஒருமனதாகச் சொன்ன நீதிபதிகள், அவனைத் திருப்பி அனுப்பும்படி அமெரிக்காவிடம் கேள் என்ற கீழமை நீதிமன்றங்களின் உத்தரவை ரத்துசெய்து, பரிகாரத்தை அரசின் பொறுப்பில் விட்டார்கள். பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் தங்கள் குடிமக்களைக் கேட்டு வாங்கிப் போய்விட்டன. ஹார்ப்பர் அரசு கேட்கவில்லை. 2008-லோ 2010-லோ அழைத்துவந்து, சிறார் சட்டத்தின்படி நடத்தியிருந்தால் இழப்பீட்டு வழக்கு இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்காது. 2004-ல் ஒரு லட்சம் டாலர் கேட்டுத் தொடங்கிய வழக்கு, காலம் போகப் போக 2 கோடி டாலர் வழக்காக வளர்ந்தது. கனடிய வரிசெலுத்துவோர் கொடுத்தது தாமதத்தின் விலை.

குவாண்டனாமோவில் அதற்குள் பேரம் முடிந்திருந்தது. 2010 அக்டோபரில் ஒமர் எல்லாக் குற்றங்களையும் ஒப்புக்கொண்டார். அரசுத் தரப்பு 25 ஆண்டு கேட்டது. ராணுவ அதிகாரிகள் அடங்கிய ஜூரி 40 ஆண்டு கொடுத்தது. பேரப்படி 8 ஆண்டு. ஒப்புக்கொண்டால்தான் அந்த இடத்தை விட்டு வெளியே வர முடியும் என்று நினைத்ததாகவும், குண்டை வீசினேனா என்பது தனக்கு நினைவில்லை என்றும் பிற்பாடு சொன்னார்.

போரில் எதிரிப் படைவீரரைக் கொல்வது போர்க்குற்றம் ஆகாது. சீருடை அணியாத போராளி கொன்றால் அது போர்க்குற்றம் என்று அமெரிக்கா 2006-ல் சட்டம் எழுதி, 2002-ல் நடந்த சம்பவத்துக்குப் பொருத்தியது. சட்டம் படித்தவர்கள் இந்த வழக்கை இத்தனை காலம் விடாமல் பேசுவதற்கு இதுவும் காரணம்.

நம் பக்கத்திலிருந்து ஒரு குரல்

அந்த விசாரணையின்போது ராணுவ ஆணையத்துக்குக் கடிதம் எழுதி, இவன் போருக்கு இழுத்துவிடப்பட்ட சிறுவன், மறுவாழ்வுக்கு அனுப்புங்கள் என்று கேட்டவர் ஒரு தமிழர். போரில் சிக்கிய சிறுவர்களுக்கான ஐ.நா. சிறப்புப் பிரதிநிதியாக இருந்த ராதிகா குமாரசுவாமி, இலங்கைக்காரர். சிறுவர் போராளிகள் என்றால் என்ன என்று சொந்த மண்ணிலேயே பார்த்தவர்.

2009-ல் போர் முடிந்தபின் இலங்கை அரசின் கையில் இருந்த புலிகளின் முன்னாள் போராளிகளில் 594 பேர் 18 வயதுக்குக் கீழே இருந்தவர்கள். அவர்கள் மீது வழக்குப் போடவில்லை. ஓராண்டு பள்ளிப்படிப்பும் தொழிற்பயிற்சியும் கொடுத்துக் குடும்பங்களிடம் சேர்த்தார்கள். அந்த அரசின் மீது தமிழர்களுக்கு எத்தனையோ தீராத கணக்குகள் உண்டு. புனர்வாழ்வு என்ற பெயரில் பெரியவர்களுக்கு நடந்தவை தனிக் கதை. திரும்பி வந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ராணுவக் கண்களும் உண்டு. ஆனாலும் இந்த 594 பேரைக் கூண்டில் ஏற்றவில்லை. சியரா லியோன் சிறப்பு நீதிமன்றத்தின் சட்டம் 15 வயதுக்கு மேற்பட்டவர்களை விசாரிக்க இடம் கொடுத்தும், அதன் தலைமை வழக்குரைஞர் டேவிட் கிரேன் சிறுவர் ஒருவர் மீதுகூட வழக்குத் தொடர மாட்டேன் என்று அறிவித்தார்.

சிறுவர்களைப் போரில் ஈடுபடுத்துவதற்கு எதிரான ஐ.நா. உடன்பாட்டை உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு கனடா. அது நடந்தது 2000 ஜூலை 7. அந்த ஆண்டே போரால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்காக வின்னிபெக்கில் உலக மாநாடு கூட்டியதும் கனடாதான். சியரா லியோன் பையன் பல பேரைக் கொன்றிருந்தாலும் பலிகடாவாகத் தெரிகிறான். டொரன்டோ பையன் மீது ஒரு கொலைப் பழி விழுந்தால் பயங்கரவாதியாகத் தெரிகிறான். இறந்தவர் நம்மவராக இருக்கும்போது உடன்பாட்டின் வாசகம் கசக்கிறது. ருவாண்டாவில் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கிய ரோமியோ டலேர், கனடிய செனட்டராக இருந்தபோது இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்டவர்கள் சிலரே.

சேர்த்துக்கொண்டவர்கள்

இழப்பீடு பற்றி எழுதிக் குவித்த பத்திரிகைகள், மறுவாழ்வு எப்படி நடந்தது என்று அதிகம் எழுதவில்லை. அதை அரசு செய்யவில்லை.

எட்மன்டனில் டென்னிஸ் எட்னி என்று ஒரு வழக்கறிஞர். ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சக வழக்கறிஞர் நேதன் விட்லிங்கோடு சேர்ந்து பல ஆண்டுகள் கட்டணம் வாங்காமல் இந்த வழக்கை நடத்தினார். 2008-ல் அவர் அந்த ஊரில் உள்ள கிங்ஸ் என்ற சின்னக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் பேசப் போனார். அங்கே இலக்கியம் நடத்தும் அர்லெட் ஜின்க், ஒமருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். எட்டாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு அது. ஜின்க்கும் சக ஆசிரியர்களும் உட்கார்ந்து அவனுக்கென்றே பாடத்திட்டம் போட்டார்கள். கனடாவின் ஒவ்வொரு பகுதியையும் அந்தந்த மண்ணைச் சொல்லும் நாவல் வழியாக அறிமுகப்படுத்தினார்கள், கணக்கும் புவியியலும் அதனோடு கோத்துக் கொடுத்தார்கள். குவாண்டனாமோவுக்கே போய்ப் பாடம் நடத்தினார் ஜின்க். அல்-காய்தாக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கிறிஸ்தவக் கல்லூரியின் ஆசிரியர்கள் மதம் மாற்றப் போகவில்லை, படிப்பு சொல்லிக்கொடுக்கப் போனார்கள்.

2012 செப்டம்பரில் ஒமர் கனடியச் சிறைக்கு மாற்றப்பட்டார். 2015 மே 7-ல் ஜாமீன். கடைசி நிமிடம்வரை அரசு தடை கேட்டது. பிடிபட்டு ஏறத்தாழ 13 ஆண்டு கழித்து, 28 வயதில் வெளியே வந்தவர் போய்த் தங்கியது எட்னி வீட்டில். காலில் மின்னணுக் காப்பு, இரவில் ஊரடங்கு. தன் குடும்பத்தோடு பேசுவதென்றால்கூட ஆங்கிலத்தில்தான், மேற்பார்வையில்தான். அந்த வீட்டு வாசலில் செய்தியாளர்களிடம், மக்கள் தனக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்று கேட்டார். ஸ்பீர் குடும்பத்தின் வேதனைக்கு வருந்துவதாகச் சொன்னார். மருத்துவத் துறையில் வேலை செய்ய விருப்பம் என்றார். 2019 மார்ச்சில் ஆல்பர்ட்டா நீதிமன்றம் அவர் தண்டனை முடிந்துவிட்டதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஹாலிஃபாக்ஸில் உள்ள டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில், சியரா லியோனின் முன்னாள் சிறுவர் போராளியும் எழுத்தாளருமான இஸ்மாயில் பியாவோடு ஒரே மேடையில் உட்கார்ந்து பேசினார். எட்னி 2023-ல் காலமானார்.

தீவிரவாதத்திலிருந்து மீட்பது பற்றி அரசுகள் திட்ட அறிக்கைகள் எழுதுகின்றன. இங்கே நடந்தது எளிமையானது: தங்க வீடு, படிக்கப் புத்தகம், தொடர்ந்து கடிதம் எழுத ஒருவர், பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட ஒரு குடும்பம். இதில் எதற்கும் அரசு காசு கொடுக்கவில்லை.

டபிதாவுக்கு என்ன பதில்?

இழப்பீட்டை ஆதரிப்பவர்கள் வேகமாகக் கடந்துபோகும் இடம் இது. டபிதா ஸ்பீரும் லேன் மோரிஸும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடுத்த வழக்கில், 2015-ல் ஒமர் 13 கோடியே 42 லட்சம் அமெரிக்க டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பானது. ஒமர் தரப்பு ஆஜராகாத ஒருதலைத் தீர்ப்பு. கனடா கொடுத்த பணத்தை முடக்கக் கேட்டு அவர்கள் ஒன்டாரியோ நீதிமன்றத்துக்கு வந்தார்கள். 2017 ஜூலையில் நீதிபதி மறுத்துவிட்டார். ஸ்பீரின் குழந்தைகளுக்காகக் கனடியப் பொதுமக்கள் சிலர் பணம் திரட்டி அனுப்பினார்கள். அது நல்ல காரியம்.

ஒரு பக்கம் 50 கோடி ரூபாய், மறுபக்கம் அப்பா இல்லாத இரண்டு பிள்ளைகள் என்று பார்க்கும்போது யாருக்கும் வயிறு எரியும். ஆனால் இரண்டு கடன்களும் வேறு வேறு ஆட்கள் பட்ட கடன். ஒமருக்குக் கனடா பட்ட கடனைக் கொடுக்காமல் விட்டால் டபிதாவுக்குச் சேர வேண்டிய கடன் தீர்ந்துவிடாது. சிறுவனை ஆயுதக்குழுவிடம் ஒப்படைத்த தகப்பனும், அவனை வாங்கிக்கொண்ட தலைவர்களும் பட்ட கடன் அது. அவர்களிடமிருந்து வசூலிக்க இன்று எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. அந்த வெற்றிடத்தில் கைக்கு எட்டியவன் 15 வயதுப் பையன் ஒருவன்தான். போரில் சிறுவர்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று அரசுகள் தனி நிதி வைத்திருந்தால், ஒரு விதவை இன்னொருவருடைய இழப்பீட்டின் பின்னால் ஓட வேண்டியிருக்காது. அப்படி ஒரு நிதியை எந்தக் கட்சியும் கேட்கவில்லை என்பது எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது. கனடா 2007-ல் மாஹர் அராருக்கும் இதே 1 கோடியே 5 லட்சம் டாலர் கொடுத்தது. சிரியாவில் சித்திரவதைப்பட்ட அவரிடம் மன்னிப்புக் கேட்டவர் அதே ஹார்ப்பர். அராருக்குப் பின்னால் விதவை யாரும் நிற்கவில்லை, அதனால் நாடு கொந்தளிக்கவில்லை.

இந்த விவாதம் ஒமரோடு முடியவில்லை. ஐ.எஸ். அமைப்பின் கடைசி நிலம் 2019 மார்ச்சில் விழுந்தபின், வடகிழக்கு சிரியாவின் அல்-ஹோல், ரோஜ் முகாம்களில் பல நாட்டுப் பிள்ளைகள் அடைபட்டார்கள். லண்டனிலிருந்து 15 வயதில் கிளம்பிப்போன ஷமீமா பேகத்தின் குடியுரிமையை பிரிட்டன் பறித்தது. அவர் கடத்தப்பட்டிருக்கலாம் என்பதற்கு நம்பத்தகுந்த சந்தேகம் உண்டு என்று 2023-ல் சொன்ன அதே தீர்ப்பாயம், பறித்தது செல்லும் என்றும் சொன்னது. கனடா, நீதிமன்ற வழக்குகள் நெருக்கிய பிறகு, 2023 ஜனவரியில் 6 பெண்களையும் 13 பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளச் சம்மதித்தது. அந்த ஆண்டு ஜூலையில் முகாம்களுக்குப் போய்வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஃபியோனுவாலா நீ ஏலான், பையன்கள் பதின்பருவத்தை எட்டியதும் தாயிடமிருந்து பிரித்துத் தனிச் சிறைகளுக்குக் கொண்டுபோகப்படுவதைக் கண்டித்தார். அவர்கள் மீது எந்த வழக்கும் இருக்கவில்லை. அவர்களுடைய நாடுகளின் பாராளுமன்றங்களில் இழப்பீடு என்ற பேச்சு அப்போது எழவில்லை. அழைத்துவரச் செலவாகும் விமானக் கட்டணம் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.